ஜீப்புக்கு மாற்று இதயம்!

பிள்ளைகளே, கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்றொரு கிராமம். தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் மூட்டைகளைக் குதிரைமேல் ஏற்றியும், நோயாளிகளை டோலியில் சுமந்தும் காட்டுப் பாதையில் நடந்தார்கள். மலையில் மண் பாதை கிடைத்துவிட்டால் அங்கே கைகொடுப்பது ஜீப்தான்.

சாதாரண காரில் இரண்டு சக்கரங்களுக்கே இன்ஜின் சக்தி போகும். ஜீப்பில் நான்குக்கும் போகும். சேற்றில் பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் இழுத்துவிடும்!

1947-இல் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் ஜீப் தயாரிப்பில் இறங்கியது. முதலில் பெட்ரோல் இன்ஜின். பிறகு செலவு குறைய டீசல் இன்ஜின்கள் வந்தன. பிரான்ஸ் நாட்டு பெஜோ கார் இன்ஜின் வழிவந்ததும் அவற்றில் ஒன்று.

கார் இன்ஜினை ஜீப்பில் எப்படிப் பொருத்துவது? இன்ஜின் பிளாக்கின் போல்ட் துளைகளும் கியர் பெட்டியின் துளைகளும் ஒத்துப்போகாது. அதனால் நடுவில் ஒரு கனத்த தகடு வைத்து, இரண்டுக்கும் ஏற்றபடி துளையிடுவார்கள். இரண்டின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். முடியளவு விலகினாலும் பேரிங் தேயும். ஒருநாள் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். உள்ளே நோயாளி இருந்தால்? அதனால்தான் இன்ஜின் மாற்ற அரசு அனுமதியும் வேண்டும்.

இரண்டு உருண்டைப் பென்சில்களை முனையோடு முனை டேப்பால் ஒட்டி உருட்டிப் பாருங்கள். நேராக இருந்தால் ஓடும், கோணினால் தள்ளாடும். புரிந்ததா?