பார்ட் எந்த நாட்டுக்குப் போகிறது?

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு டிராயிங்கில் உள்ள அளவு தெரியும். எத்தனை மைக்ரான் விலகினால் பீஸ் ரிஜெக்ட் ஆகும் என்பதும் தெரியும். அந்த பீஸ் கடைசியில் எந்த இயந்திரத்தில் போய் உட்காரும் என்பது டிராயிங்கில் இருக்காது. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு அந்த விவரம் தேவையும் இல்லை. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து வளர்ந்த ஊரில் இது ஒரு கேள்வியாக எழுந்ததும் இல்லை.

இனி எழும். 2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, இன்னொன்று தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, சேலம், திருச்சி ஆகியவற்றோடு ஓசூரும் அதில் ஒரு மையம். 2019 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் திருச்சியில் தொடங்கி வைத்தார். ஓசூரைச் சேர்த்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு, அங்கே ஹெச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அவற்றைச் சுற்றி விமான உதிரிபாகத் தொழில்.

2013-14-ல் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 686 கோடி ரூபாய். 2024-25-ல் 23,622 கோடி. 2029-க்குள் 50,000 கோடி என்பது அரசின் இலக்கு. பிலிப்பைன்ஸுக்கு விற்ற பிரமோஸ் ஏவுகணை போல முழு ஆயுதமாகப் போவதும் இதில் உண்டு. அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் விமான, ஹெலிகாப்டர் உதிரிபாகமாகப் போவதும் உண்டு.

அப்படியானால் எந்த நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று முடிவு செய்வது யார்? இஸ்ரேலுக்குக் குண்டு அனுப்புவதா வேண்டாமா என்று அமெரிக்க செனட்டில் ஓட்டெடுப்பு நடந்ததை டி.வி.யில் பார்த்திருப்போம். நம் நாடாளுமன்றத்தில் அப்படி ஓர் ஓட்டெடுப்பு நடப்பதில்லை. நடத்த வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

அமெரிக்க ஏற்பாட்டை முதலில் பார்த்துவிடலாம். அங்கே 1976-ல் வந்த ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஆயுத விற்பனை எதுவானாலும் அரசு முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு 30 நாள் அவகாசம், நேட்டோ கூட்டாளிகளுக்கும் இஸ்ரேல், ஜப்பான் போன்ற சில நாடுகளுக்கும் 15 நாள். எந்த நாடு, என்ன ஆயுதம், எத்தனை, என்ன விலை என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். பெரும்பாலும் அது பொதுமக்கள் படிக்கும்படியே வெளியாகிறது. அந்த நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் எதிர்ப்புத் தீர்மானம் கொண்டு வரலாம்.

தொடக்கத்தில் இந்த அதிகாரத்துக்குப் பல் இருந்தது. இரு அவைகளும் எதிர்த்து ஓட்டுப் போட்டால் விற்பனை நின்றுவிடும். அதிபரின் கையெழுத்து தேவையில்லை. 1981-ல் சவூதி அரேபியாவுக்கு அவாக்ஸ் வான் கண்காணிப்பு விமானம் விற்க ரீகன் முனைந்தபோது, பிரதிநிதிகள் அவை எதிர்த்தது. செனட்டில் 52-க்கு 48 என்ற கணக்கில்தான் அவர் தப்பித்தார்.

அந்தப் பல்லைப் பிடுங்கிய வழக்குக்கும் ஆயுதத்துக்கும் சம்பந்தமே இல்லை. கென்யாவில் பிறந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இந்திய வம்சாவளி இளைஞர் ஜக்தீஷ் ராய் சத்தா. விசா முடிந்தது, திரும்பப் போக நாடில்லை. அவர் தங்கலாம் என்று குடியேற்ற நீதிபதி சொன்னதை, பிரதிநிதிகள் அவை ஒரு தீர்மானம் போட்டு ரத்து செய்தது. சத்தா நீதிமன்றம் போனார். அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் அவைகள் தாங்களாகவே இப்படி அரசின் முடிவை ரத்து செய்ய முடியாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு கடத்தலை எதிர்த்த மாணவர் ஒருவரின் வழக்கு ஆயுதச் சட்டத்தையும் சேர்த்து மாற்றிவிட்டது. அதன் பிறகு எதிர்ப்புத் தீர்மானத்துக்கும் அதிபரின் கையெழுத்து வேண்டும். தான் விற்க நினைத்ததைத் தடுக்கும் தீர்மானத்தில் எந்த அதிபர் கையெழுத்திடுவார்? நிராகரிப்பார். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1986-ல் சவூதிக்கு ஏவுகணை விற்பனையில் செனட்டில் 66 ஓட்டு வந்தது. தேவைப்பட்டது 67. 2019-ல் சவூதி, அமீரக விற்பனைகளுக்கு எதிரான மூன்று தீர்மானங்களை டிரம்ப் நிராகரித்தார்; மீற முடியவில்லை. இந்த வழியில் ஒரு விற்பனைகூட இதுவரை நிறுத்தப்பட்டதில்லை.

ஆனாலும் ஓட்டெடுப்பு தொடர்கிறது. 2024 நவம்பரில் இஸ்ரேலுக்கான ஆயுதங்களை நிறுத்தச் சொல்லி பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த தீர்மானங்களுக்கு 20 ஓட்டுகூட விழவில்லை. 2025 ஏப்ரலில் 15. ஜூலையில் ஒரு தீர்மானத்துக்கு 27. தோல்விதான். ஆனால் ஓராண்டுக்குள் யார் மனம் மாறினார்கள் என்பது பெயரோடு பதிவாகிவிட்டது. என் கணிப்பில் இந்த முறையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. விற்பனையைத் தடுக்காவிட்டாலும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு உறுப்பினரையும் ஒரு பக்கம் நிற்க வைக்கிறது.

தமிழர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கரேஜஸ் என்ற கப்பல் இலங்கைக் கடற்படைக்குக் கொடுக்கப்பட்டு, 'சமுதுர' ஆனது. இந்தியக் கடற்படையின் 'சரயு' 2000-ல் இலங்கைக்குப் போய் 'சயுர' ஆனது. 2007-ல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் மூழ்கடித்த நடவடிக்கைகளில் இந்த இரண்டும் இருந்தன. அதே 2007 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே இலங்கைக்கான ராணுவ நிதிக்கும் ஆயுத உரிமங்களுக்கும் நிபந்தனை போட்டது. மனித உரிமை மீறலில் குற்றம் சாட்டப்பட்ட படையினரை விசாரிக்க வேண்டும், பத்திரிகையாளர்களையும் நிவாரணப் பணியாளர்களையும் அனுமதிக்க வேண்டும், ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவை அந்த நிபந்தனைகள். கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. போர் இதனால் நின்றுவிடவில்லை. கொழும்புக்குச் சீனாவும் பாகிஸ்தானும் இருந்தன. ஆனால் அமெரிக்கா எதைக் கொடுத்தது, எப்போது நிறுத்தியது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் தேதியும் பிரிவும் இருக்கின்றன.

இந்தியா கொடுத்தது எப்படித் தெரிய வந்தது? 2008 செப்டம்பரில் வவுனியா படைத்தளத்தைப் புலிகள் தாக்கியபோது, காயம்பட்டவர்களில் இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸின் ரேடார் தொழில்நுட்பாளர்கள். இந்தியா ரேடார் கொடுத்த செய்தி முன்பே அடிபட்டதுதான். ஆனால் போர்முனையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதைத் தமிழ்நாடு தெரிந்துகொண்டது நாடாளுமன்ற அறிக்கையிலிருந்து அல்ல. உயிரைக் கொல்லாத, தற்காப்புக்கான கருவிகள்தான் கொடுக்கிறோம் என்பது டெல்லியின் பதிலாக இருந்தது.

அடுத்த மாதம், 2008 அக்டோபர் 14 அன்று, முதல்வர் கருணாநிதி கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்தில் போர்நிறுத்தத்துக்கு மத்திய அரசு வழி செய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ராஜினாமா செய்வார்கள் என்று அறிவித்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து மக்களவையில் 40 இடம். மத்தியில் இருந்த கூட்டணி அரசுக்கு அந்த ஓட்டுகள் உயிர். இருந்தும், ராணுவ உதவி வேண்டுமா வேண்டாமா என்று அந்த 40 பேரும் கையுயர்த்த ஒரு வாய்ப்பே அமைப்பில் இல்லை. மிச்சமிருந்தது ராஜினாமாக் கடிதம். பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து பேசிய பிறகு அதுவும் கைவிடப்பட்டது.

2012 ஜூலையில் நடந்தது இன்னும் விசித்திரம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரிய வந்து, முதல்வர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவர்களை எலகங்காவுக்கு மாற்றியது. அதாவது ஓசூரைத் தாண்டி, பெங்களூரின் மறுபக்கம். அவர்களை நாட்டை விட்டே அனுப்புங்கள் என்றார் ஜெயலலிதா. மாநில எல்லையைக் கடந்ததும் பிரச்சினை தீர்ந்ததாக டெல்லி எடுத்துக்கொண்டது. 2011-ல் பொருளாதாரத் தடை கோரியும், 2013 மார்ச்சில் இலங்கையை நட்பு நாடு என்று அழைப்பதை நிறுத்தச் சொல்லியும் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானங்கள் அரசியல் அழுத்தம் என்ற அளவில் நின்றன. ஆயுதங்கள், வெளிநாட்டுறவு, வெளிநாட்டு வணிகம் மூன்றும் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருப்பவை. தொழிற்சாலைக்கு நிலமும் மின்சாரமும் சலுகையும் மாநிலம் தரலாம். சரக்கு எங்கே போகும் என்பதில் அதற்குச் சொல் இல்லை.

அந்தச் சொல் யாரிடம் இருக்கிறது? 1992-ன் அந்நிய வணிகச் சட்டத்தின் கீழ் 'ஸ்கோமெட்' என்ற பட்டியல் இருக்கிறது. ரசாயனம், நுண்ணுயிர் தொடங்கி மின்னணுக் கருவி வரை, ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய எல்லாம் அதில் வரும். அதன் ஆறாவது பிரிவு போர்த்தளவாடங்கள். அவற்றுக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்பு உற்பத்தித் துறை. மற்ற பிரிவுகளில் பெரும்பாலானவை அந்நிய வணிகத் தலைமை இயக்குநரகத்திடம். வாங்குபவர் 'இதை இன்னாருக்காக, இன்ன வேலைக்காக வாங்குகிறோம், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம்' என்று இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். தேவைப்பட்டால் வெளியுறவு அமைச்சகத்தின் கருத்து கேட்கப்படும்.

ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெங்களூரு கம்பெனிக்கு பீஸ் செய்து கொடுத்தால் உரிமம் வாங்கும் பொறுப்பு ஏற்றுமதி செய்பவருடையது. நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அது உங்கள் பொறுப்பு. பட்டியலில் உள்ள பொருளின் டிராயிங்கை வெளிநாட்டுக்கு மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

நாடாளுமன்றம் இதில் சட்டம் இயற்றும் இடம் மட்டும். பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005 சட்டத்தை 2022-ல் திருத்தி, அத்தகைய வேலைக்கு நிதி தருவதையும் குற்றமாக்கினார்கள். தனித்தனி விற்பனை அவைக்கு வருவதில்லை. வெளிநாடுகளுக்கான உதவித் தொகை வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் வரும். பல ஆண்டுகளில் அது விவாதமே இல்லாமல் மற்றவற்றோடு சேர்த்து நிறைவேற்றப்படும். கடற்படை போர்க்கப்பலான 'கிர்பான்' 2023-ல் வியட்நாமுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதற்கும் ஓட்டெடுப்பு கிடையாது.

2024 மே மாதம் இன்னொரு கதவு வழியாகச் செய்தி கசிந்தது. சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு சுமார் 27 டன் வெடிபொருளோடு போன மரியான் டானிகா என்ற டென்மார்க் கொடிக் கப்பல், ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் மறுத்தது. சென்னையில் ஏற்றிய சரக்கைப் பற்றி நமக்குத் தெரிய வந்தது ஸ்பெயினிலிருந்து.

அந்த ஆண்டே, இஸ்ரேலுக்கான ஏற்றுமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரி ஓய்வுபெற்ற அதிகாரிகள் உள்ளிட்ட சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 9 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் களம், நீதிமன்றம் அதில் நுழையாது. தடை செய்ய வேண்டும் என்று அரசே நினைத்தால் சட்டத்தில் அதற்கு அதிகாரம் இருக்கிறது என்றது. நீதிமன்றம் கைகாட்டிய அரசைக் கேள்வி கேட்கும் இடம் நாடாளுமன்றம்.

அங்கே கேள்வி கேட்கலாம். மொத்தத் தொகை, தனியார் பங்கு எவ்வளவு, பொதுத்துறை பங்கு எவ்வளவு என்பதெல்லாம் பதிலில் கிடைக்கும். எந்த நாட்டுக்கு எந்தப் பொருள் என்று கேட்டால், பாதுகாப்பு நலன் கருதிச் சொல்ல இயலாது என்று பதில் வரும். ராணுவ ரகசியம் என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டியலை வெளியிட்டால் வாங்கும் நாட்டின் பகைவர்களுக்கும் தெரியும். ஆனால் நம்மைவிடப் பல மடங்கு விற்கும் அமெரிக்கா விலையோடு வெளியிட்டுக்கொண்டே விற்கிறது. பிரிட்டனில் ஏற்றுமதி உரிமங்களை அலசுவதற்கென்றே பல ஆண்டுகள் ஒரு நாடாளுமன்றக் குழு இயங்கியது. இலங்கைக்குக் கொடுத்த உரிமங்களை 2009-ல் அது கேள்வி கேட்டது. நம்மிடம் பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை உரிமங்களை மூடிய அறையில் அதன் முன் வைத்தால்கூடப் போதும், எந்த ரகசியமும் வெளியே போகாது. அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

2025 ஏப்ரல் 5 அன்று பிரதமர் மோடி கொழும்பில் இருந்தபோது, இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி உட்பட எந்தத் தொகுதி எம்.பி.யும் அதன் மீது ஓட்டுப் போடவில்லை.