திரும்பிய புட்டியும் தங்கிய டப்பாவும்

கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பண்டம் சில நாள்களில் தீர்ந்துவிடும். அதைச் சுமந்து வந்த கலம் என்னவாகும்? 1960களிலும் 1970களிலும் தில்லியிலும் பம்பாயிலும் குடித்தனம் நடத்திய நம்மவர்க்கு இதற்கு இரண்டு விடைகள் தெரியும். ஒருவகைக் கலம் வந்த இடத்துக்கே திரும்பும். மற்றொரு வகை வந்த வீட்டிலேயே தங்கிவிடும்.

திரும்பும் வகைக்குப் பால் புட்டி சிறந்த சான்று. பம்பாயில் ஆரே பால் குடியிருப்பு 1949இல் ஏற்பட்டது. தில்லிப் பால் திட்டம் 1959இல் தொடங்கியது. இவ்விரு நகரங்களிலும் மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடப்பெற்ற கண்ணாடிப் புட்டிகளில் பால் சாவடிக்கு வரும். காலிப் புட்டியைக் கழுவிக் கொடுத்து, நிறைந்த புட்டியைப் பெற்றுவருவோம். உடைந்தால் நஷ்டம் நமதே. ஆதலால் சிறு பிள்ளைகளும் அதைக் கருத்தோடு ஏந்திச் சென்றனர்.

தங்கும் வகைக்கு டால்டா டப்பாவைக் கூறலாம். 1937இல் விற்பனைக்கு வந்த அந்த வனஸ்பதியின் மஞ்சள் டப்பாவும் பச்சை மரச் சின்னமும் நாடெங்கும் அறிமுகமானவை. உள்ளிருந்த கொழுப்பைப் பற்றி இன்று மருத்துவர் நல்ல சொல் கூறுவதில்லை. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து இறுகச் செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு விளைப்பது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் டப்பாவைக் குறைகூறுவார் இல்லை. எஃகுத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசப்பெற்றதாதலின் அது எளிதில் துருப்பிடியாது. நெய் தீர்ந்ததும் பருப்பும் அப்பளமும் அதில் குடியேறும். மூடி தொலைந்தால் துளசிச் செடிக்குத் தொட்டியாகும். கைப்பிடி பற்றவைத்தால் நீர் மொள்ளும் குவளையாகும். மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் சாமான்களோடு சாமானாக அதுவும் ஊர்விட்டு ஊர் வந்தது.

இவற்றினும் பெரியதொரு பயனும் உண்டு. டப்பாவின்மேல் ஒட்டிய காகிதத்துண்டில், ‘துவரம் பருப்பு’, ‘புழுங்கலரிசி’ என்று வீட்டுப் பெண்கள் தமிழில் எழுதிவைத்தனர். பள்ளியில் இந்தியோ மராத்தியோ கற்ற நம் குழந்தைகள் பலருக்கு அதுவே தமிழ் அரிச்சுவடி. அவர்கள் ழகரத்தை முதன்முதல் கண்டது புத்தகத்தில் அன்று, சமையலறை அலமாரியில்தான்.

பின்னர்ப் பாலிதீன் உறை வந்தது. அதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. கண்ணாடிப் புட்டி கனமானது, உடையக்கூடியது. அதைத் தூய்மை செய்ய வெந்நீரும் காரமும் வேண்டும். காலிப் புட்டிகளைத் திரும்பச் சுமக்க வண்டியும் வேண்டும். தகர டப்பாவினும் பை மலிவு. ஆனால் இவ்வுறை திரும்புவதுமில்லை, தங்குவதுமில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய சிறு பொட்டலங்களைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதோ மிகவும் கடினம். தன் மேல் அச்சிட்ட எழுத்தோடு வரும் உறை, அவ்வெழுத்தோடு குப்பைக்குப் போகிறது. நாம் எழுதுவதற்கு அதில் இடமில்லை.

பழைய வழிகள் முற்றும் அடைபட்டுவிடவில்லை. தில்லியில் 1974இல் தொடங்கிய மதர் டெயரியின் சாவடிகளில், வில்லையைப் பொறியில் இட்டு, நாம் கொண்டு சென்ற பாத்திரத்திலேயே பாலைப் பெறும் முறை ஏற்பட்டது. உறை தேவைப்படாத அம்முறை கிட்டும் இடத்தில் அதை விடாது கைக்கொள்வோம். மளிகைப் பையைப் பிரித்ததும் பண்டத்தை நாம் ஏதேனும் ஒரு டப்பாவில்தானே கொட்டுகிறோம்? அது தகரமோ எவர்சில்வரோ, அதன் முகப்பில் பண்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுவோம். வெளிமாநிலத்தில் வளரும் பேரக்குழந்தை பருப்பு டப்பாவை எடுத்துவரும்போது, அந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.