ஸ்னூப்பி தட்டச்சு செய்த விடைபெறும் கடிதம்

2000 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கப் பத்திரிகைகளின் வண்ணப் பக்கத்தில் ஸ்னூப்பி என்ற நாய் தன் சிவப்புக் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. வாசகர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லும் கடிதம் அது. கீழே கையெழுத்து, ‘பீனட்ஸ்’ கார்ட்டூன் தொடரை அரை நூற்றாண்டு வரைந்த சார்லஸ் ஷுல்ஸுடையது. பேப்பர் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய இரவு, கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் தூக்கத்திலேயே ஷுல்ஸ் இறந்துவிட்டார். வயது 77. கதையில் இப்படி ஒரு முடிவை எழுதினால் ‘ரொம்ப சினிமாத்தனம்’ என்று எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்!

1950 அக்டோபர் 2-ல் வெறும் ஏழு பத்திரிகைகளில் தொடங்கிய தொடர் அது. ‘பீனட்ஸ்’ என்ற பெயரே விநியோக நிறுவனம் சூட்டியது. ஷுல்ஸுக்குக் கடைசிவரை அது பிடிக்கவில்லை. பிடிக்காத பெயரோடு 17,897 சித்திரங்கள் வரைந்தார். முடியும் காலத்தில் 75 நாடுகளில் 2,600 பத்திரிகைகள் அதை வெளியிட்டன.

இவ்வளவையும் ஒரே கை வரைந்தது. பேர்பெற்ற பல கார்ட்டூனிஸ்டுகள் பின்னணி வரையவும் எழுத்து எழுதவும் உதவியாளர் வைத்துக்கொள்வார்கள். ஷுல்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. எழுத்துகளுக்கு அவர் பயன்படுத்திய எஸ்டர்புரூக் நிப்பைத் தயாரித்த கம்பெனி மூடப்படுவதாகத் தெரிந்ததும், மிச்சமிருந்த சரக்கை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். 1981-ல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பிற்காலச் சித்திரங்களில் தொடரின் நாயகச் சிறுவன் சார்லி பிரவுனின் வட்டத் தலையைக் கவனித்தால் கோடு நெளிவது தெரியும். அந்த நெளிவிலும் ஓர் அழகு இருக்கிறது.

1999 நவம்பரில் பக்கவாதம். தொடர்ந்து புற்றுநோய் என்று தெரிந்தது. டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். தனக்குப் பிறகு வேறு யாரும் இதை வரையக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. இந்தத் தொழிலில் அது வழக்கமில்லாதது. நம்மூர் வாசகர்கள் வேதாளராக அறிந்த ஃபேன்டமைப் படைத்த லீ ஃபாக் 1999-ல் மறைந்தார். கதையை வேறு கைகள் தொடர்ந்தன. ‘பிளாண்டி’யை சிக் யங்குக்குப் பின் மகன் தொடர்ந்தார். ‘பீனட்ஸ்’ அப்படியல்ல, படைத்தவரோடு நின்றது. பத்திரிகைகள் பழைய சித்திரங்களையே மறுபிரசுரம் செய்தன.

சரி, வாரிசுக்கு இடம் கொடுக்காத இந்த மனிதர் தன் முன்னோடிக்கு என்ன செய்தார்? அதுதான் சுவாரசியம்.

இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவுக்குப் போன சிப்பாய்களில் ஷுல்ஸும் ஒருவர். அந்தச் சிப்பாய்கள் விரும்பிப் படித்தது பில் மால்டினின் கார்ட்டூன். வில்லி, ஜோ என்று இரண்டு காலாட்படை வீரர்கள். சவரம் செய்யாத முகம், சேறு அப்பிய உடை. படையின் மானத்தை வாங்குவதாகச் சொல்லி ஜெனரல் பேட்டன் மால்டினை நேரில் அழைத்துக் கடிந்துகொண்டார். 1945-ல் அதே கார்ட்டூன்களுக்கு புலிட்சர் பரிசு வந்தது! ஷுல்ஸ் இதை மறக்கவில்லை. முன்னாள் படைவீரர் தினமான நவம்பர் 11 வந்தால், ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்ட ஸ்னூப்பி, மால்டின் வீட்டுக்கு ரூட் பீர் என்ற குளிர்பானம் குடிக்கக் கிளம்பிவிடும். பல ஆண்டுகள் இது நடந்தது. மால்டின் யார் என்று அறியாத குழந்தைகளும் அந்தப் பெயரைப் படித்தார்கள். 1998-ல் வில்லி, ஜோவின் சித்திரத்திலேயே ஸ்னூப்பியும் இடம்பிடித்தது. தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் மால்டினுடையதையும் சேர்த்து, அவரைத் தன் நாயகன் என்று குறிப்பிட்டிருந்தார் ஷுல்ஸ்.

இந்த நன்றி அவருக்கும் திரும்பி வந்தது, கொஞ்சம் தாமதமாக. 2000 மே 27 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன் தொடர்கள் ஒரே நாளில் தங்கள் கட்டங்களுக்குள் ‘பீனட்ஸ்’ பாத்திரங்களையும் நினைவுகளையும் கொண்டுவந்தன. தேசிய கார்ட்டூனிஸ்டுகள் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கிய நாள் அது. நேரில் திகைக்க வைக்கப் போட்ட திட்டம், அஞ்சலியாக முடிந்தது.

ஷுல்ஸுக்கு நன்றிக்கடன் பட்டவர்களில் முக்கியமானவர், ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன். ஷுல்ஸ் ஓய்வை அறிவித்ததும் பாராட்டிக் கட்டுரை எழுதினார். வியாபாரத்தில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்னூப்பி பொம்மையானது, சட்டையில் ஏறியது, இன்ஷூரன்ஸ் விளம்பரத்துக்கும் போனது, ஷுல்ஸ் தடுக்கவில்லை. வாட்டர்சனோ ஒரு கால்வின் பொம்மைக்குக்கூடச் சம்மதிக்காமல் விநியோக நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1995 டிசம்பர் 31 அன்று, பத்தே ஆண்டில் தொடரை நிறுத்திவிட்டு வெளியேறினார். அதைத் தொடரவும் இன்னொருவர் வரவில்லை.