தெய்வம் போனது; மரங்கள் தப்பின

ஒசாகாவுக்குத் தெற்கே, கீ தீபகற்பத்து மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் கிராமம் நோனாகா. குமானோ ஆலயங்களுக்கு ஆயிரம் ஆண்டுகளாக யாத்ரிகர்கள் நடந்த பாதை இது. வழிநெடுக ஓஜி என்னும் சிறு ஷிண்டோ சன்னதிகள். மரபு சொல்லும் கணக்கு 99. எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல. ஏராளம் என்று அர்த்தம்.

அவற்றில் ஒன்று சுகிசகுரா ஓஜி. பூசாரி கிடையாது. பாசி பிடித்த கல் படிகள், உச்சியில் சின்ன மரக் கோயில். ஆனால் வருபவர்கள் அண்ணாந்து பார்ப்பது படிகளின் இருபுறமும் நிற்கும் சுகி மரங்களை. ராட்சத ஊசியிலை மரங்கள். கிளைகள் எல்லாம் தெற்கு நோக்கியே நீள்கின்றன. நாச்சி ஆலயம் இருக்கும் திசை அது என்கிறார்கள் பக்தர்கள். வெயில் வரும் திசையும் அதுதான்.

இந்த மரங்கள் இன்று விறகாகவோ உத்தரமாகவோ போயிருக்க வேண்டியவை. 1906இல் ஜப்பானிய அரசு, கிராமத்துக்கு ஒரு கோயில் போதும் என்று முடிவெடுத்தது. சுமார் 1,90,000 ஆக இருந்த கோயில்கள் சில ஆண்டுகளில் 1,20,000 அளவுக்குக் குறைந்தன. சுகிசகுராவின் தெய்வமும் வேறு கோயிலோடு சேர்க்கப்பட்டது. தெய்வம் போய்விட்டால் தோப்பு வெறும் மரம்தானே? கோடரிகள் வந்தன.

குறுக்கே நின்றவர் மினகாதா குமகுசு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துத் தீர்த்துவிட்டு, அருகிலுள்ள தனாபே ஊரில் குடியேறிய தாவரவியல் ஆய்வாளர், முரட்டு ஆசாமி. பெயரிலுள்ள 'குசு'வுக்குக் கற்பூர மரம் என்று பொருள். ஒரு ஓஜி கோயிலின் மரத்தை வைத்து இட்ட பெயர். சளிப்பூஞ்சை என்னும் நுண்ணிய உயிரினம் அவருக்கு உயிர். காடு போனால் அதுவும் போகும், மண் சரியும், கிராமத்தார் கூடிக் கும்பிட இடமின்றிச் சிதறுவார்கள் என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார். 1910இல், கோயில் இணைப்புக்கு வக்காலத்து வாங்கிய அதிகாரியைத் தேடிக் கூட்டம் ஒன்றில் புகுந்து ரகளை செய்ய, 18 நாள் காவலில் வைக்கப்பட்டார்.

சுகிசகுராவில் எல்லா மரங்களையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. நாற்பதுக்கு மேல் இருந்தவற்றில் மிஞ்சியவை ஒன்பதுதான். பல ஓஜிகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஒரு கல் மட்டும் நட்டிருக்கிறது.

1929இல் பேரரசர் ஹிரோஹிதோ தனாபே பக்கம் வந்தபோது, உயிரியல் பிரியரான அவருக்குப் பாடம் நடத்த அழைக்கப்பட்டவர் இதே குமகுசு. சளிப்பூஞ்சை மாதிரிகளை அவர் பேரரசருக்கு அளித்தது கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில்!

குமானோ பாதை 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மரங்களுக்குக் கீழே, சாலையோரம், நோனாகா ஊற்று. நடந்து களைத்தவர்கள் அங்கே பாட்டிலை நிரப்பிக்கொள்கிறார்கள்.