கணக்கு கொதிக்கும் அடுப்படி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதைகளில் ஒன்று குப்பனூர் வழியாகப் போகிறது. அங்கே நின்று சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கண்ணெதிரே நிற்கிறது. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். சமதரையில் ஓரிடத்திலிருந்து ஒரு குன்றின் உச்சி 30° ஏற்றக் கோணத்தில் தெரிகிறது. குன்றை நோக்கி 500 மீட்டர் நடந்ததும் கோணம் 45° ஆகிறது. குன்றின் உயரம் என்ன?

உயரத்தை 'உ' என்போம். 45° தெரியும் இடத்திலிருந்து அடிவாரத்துக்குள்ள தூரமும் உ. 30° தெரியும் இடத்திலிருந்து அது √3 × உ. ஆகவே, √3 × உ = உ + 500. இதைக் கைப்பேசிச் செயலியிடம் காட்டினால் நொடியில் விடை வருகிறது. அந்த நொடிக்குள் நடப்பதைச் சாம்பார் வைக்கும் வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

பருப்பு ஆய்தல்

2014-இல் வந்த ஃபோட்டோமேத் போன்ற செயலிகள், படம் பிடித்த கணக்கின் ஒவ்வொரு எண்ணையும் குறியையும் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காண்கின்றன. ஆய்வதில் ஒரு கல் தப்பினாலும் சாப்பிடும்போது பல்லில் கடிபடும். 5² என்பதை 52 என்று செயலி வாசித்துவிட்டால், அதன்பின் எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் விடை தவறும். செயலி என்ன வாசித்தது என்று முதலில் பாருங்கள்.

நறுக்கி வைத்தல்

நாம் கணக்கை ஒரே வரியாக எழுதுகிறோம். செயலி அதைக் கிளைகளாகப் பிரித்துக்கொள்கிறது. உச்சியில் சமக்குறி, அதன் இடக்கிளையில் பெருக்கல், வலக்கிளையில் கூட்டல், அவற்றின் அடியில் எண்களும் 'உ'-வும். அடிக்கிளையில் இருப்பதே முதலில் வேக வேண்டும். 2 + 3 × 4 என்பதற்கு 20 வராமல் 14 வருவது இதனால்தான்.

வேகவைத்தல்

இப்போது விதிகள் ஒவ்வொன்றாக வேலை செய்கின்றன. 'உ' உள்ளவை ஒரு பக்கம் சேர்கின்றன: உ × (√3 − 1) = 500. பிறகு வகுத்தல். பிறகு பகுதியிலுள்ள மூலத்தை நீக்கினால் 250 × (√3 + 1). இதுவரை √3 தன் உருவிலேயே இருக்கிறது. தேங்காயை முன்கூட்டியே அரைத்து வைத்தால் புளித்துவிடும் அல்லவா? அதுபோல √3-ஐத் தொடக்கத்திலேயே 1.73 என்று சுருக்கினால் உயரம் ஏறத்தாழ 685 மீட்டர் என்று வரும். கடைசியில் சுருக்கினால் 683. அவசரத்தின் விலை 2 மீட்டர்.

ருசி பார்த்தல்

கிடைத்த விடையைக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். 683-ஐ 1183-ஆல் (683 + 500) வகுத்தால் 0.577. டேன் 30°-இன் மதிப்பும் அதுவே. உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுவதே அவற்றின் அடிப்படை. அதனால் தவறான எண்ணையும் தயங்காமல் எழுதிவிடக்கூடும்.

இந்த நான்கு படிகளில் எதிலும் சமன்பாடு பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குன்றையும் கோணத்தையும் √3 × உ = உ + 500 என்று மாற்றியது, அடுப்பு பற்றவைக்கும் முன்பே நாம் செய்த வேலை. கணிதம் படிப்பது என்பதன் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வேலைக்கும் துணை உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருள், மாணவர்களுக்கு இலவசம். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பகுதி, பல இடங்களில் கியூஆர் குறியீட்டின் வழியே அங்கே அழைத்துச் செல்கிறது. ஒரு முக்கோணம் வரைந்து, நிற்கும் புள்ளியை விரலால் குன்றின் பக்கம் நகர்த்துங்கள். கோணம் ஏறுவதைக் கண்ணால் காணலாம். அப்போது சூத்திரம் மனப்பாடம் செய்யாமலே மனதில் நிற்கும்.

ஆகவே முதலில் படம், பிறகு சமன்பாடு, இரண்டும் உங்கள் நோட்டில். அதன்பின் செயலியைத் திறந்து தீர்வின் முதல் படியை மட்டும் பாருங்கள். அடுத்த படியை நீங்களே போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். எங்கே வழி மாறினீர்களோ அங்கே நின்று திருத்துங்கள். பத்து விடைகளைப் பார்த்து எழுதுவதைவிட, தவறிய ஒரு படியைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்குத்தான் கணக்கு வசப்படும்.