உங்களுக்குத் தெரியுமா? தோப்புக்குள் ஒளிந்திருந்த ராக்கெட்டுகள்

● தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு ஒரு காலத்தில் பாராமகால் என்று பெயர். 1792-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை இது ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆண்ட சீமை. இரும்புக் குழாய் ராக்கெட்டைப் போர்க்களத்தில் பெருமளவில் ஏவி வெற்றி கண்டது இவர்கள் படைதான்.

● அந்த ராக்கெட்டின் உடல் ஏறக்குறைய ஒரு சாண் நீள இரும்புக் குழாய். உள்ளே கரிமருந்து. வாலாக நீண்ட மூங்கில் கழி. ஐரோப்பியர் அப்போது அட்டைக் குழாய்களையே நம்பியிருந்தார்கள். இரும்பில் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்ததால் உந்துவிசை கூடியது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பறந்தது. பீரங்கியை இழுக்க மாடும் பாதையும் வேண்டும். ராக்கெட்டை வீரரே தோளில் சுமந்து மரங்களுக்கு நடுவே போய்விடலாம். அதன் பெரிய பலம் அதுதான்.

● 1799-ல் திப்புவை எதிர்த்து வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலேயப் படை, நம் ராயக்கோட்டைப் பக்கமாகத்தான் மைசூருக்குள் நுழைந்தது. ஏப்ரல் 5 இரவு, திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே இருந்த சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க அந்தப் படையின் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி போனார். கும்மிருட்டு. குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள். உள்ளே காத்திருந்த திப்புவின் வீரர்கள் ராக்கெட்டும் துப்பாக்கியுமாகத் தாக்க, படை சிதறியது. முழங்காலில் அடிபட்ட வெல்லஸ்லி வழி தெரியாமல் தடுமாறிப் பாசறைக்குத் திரும்பினார். மறுநாள் பகலில், கூடுதல் படையோடு வந்துதான் தோப்பைப் பிடித்தார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவரே. நீலகிரியில் உள்ள வெலிங்டன் இவர் பெயர் தாங்கிய ஊர்.

● திப்பு வீழ்ந்தபின் அவரது ராக்கெட்டுகள் லண்டன் வூல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு ஆங்கிலேயரான வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகள் 1807-ல் கோபன்ஹேகன் நகரைக் கொளுத்தின.

● மரங்களுக்குள் மறைந்து ஏவும் உத்தி இரண்டாம் உலகப் போரிலும் வந்தது. நிலையான தளம் கட்டினால் குண்டு விழும் என்பதால், 14 மீட்டர் உயர வி-2 ராக்கெட்டுகளை ஜெர்மானியர் வண்டியில் ஏற்றிவந்து, நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக் காட்டிலிருந்து லண்டனை நோக்கி ஏவினார்கள். ஏவியதும் இடம் மாறிவிடுவார்கள். அந்தக் காட்டைக் குறிவைத்து 1945 மார்ச் 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகள் தவறி, பக்கத்துக் குடியிருப்பில் விழுந்தன. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ராக்கெட் வரலாற்றைப் பேசும்போது இவர்களை விட்டுவிடக் கூடாது.

● அமெரிக்காவின் நாசா வளாகமான வாலப்ஸ் தீவில், ஆங்கிலேயரை எதிர்க்கும் திப்புவின் ராக்கெட் வீரர்களை ஓர் ஓவியத்தில் கண்டு நெகிழ்ந்ததாக அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார்.

● 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளைத் தொல்லியல் துறையினர் எடுத்தார்கள். பாராமகால் கோட்டைகளிலும் பழங்கிணறுகள் உண்டு. தூர்வாரும்போது துருப்பிடித்த இரும்புக் குழாய் கண்ணில் பட்டால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே மருந்து இருக்கலாம், தட்டியும் பார்க்காதீர்கள். தாலுகா அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.