342 பெட்டிகளைக் கடல் விழுங்கியது! கப்பலில் சரக்கைக் கட்டுவது எப்படி?

ராயபுரம், காசிமேடு பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் புதிதல்ல. 1983-ல் சென்னையில் தனிக் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு பழகிப்போன காட்சி.

"இம்மாம் பெரிய பெட்டியை மாடி மாடியா அடுக்குறாங்களே, கடல் ஆட்டத்துல சரியாதா?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சரியும்! சரிந்திருக்கிறது!

2019 புத்தாண்டு இரவு. நெதர்லாந்து தீவுகளின் ஓரமாக வந்த 'எம்.எஸ்.சி. ஸோயி' என்ற ராட்சதக் கப்பலைப் புயல் புரட்டி எடுத்தது. 342 பெட்டிகள் கடலில் விழுந்தன. விடிந்து பார்த்தால் கரையெல்லாம் பொம்மை, செருப்பு, டி.வி.!

பூட்டும் கம்பியும்

கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும் பெட்டிகள் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நின்றுகொள்ளும். ஆபத்தெல்லாம் மேல்தளத்தில் அடுக்குபவைக்குத்தான்.

பெட்டிக்குப் பெட்டி நான்கு மூலையிலும் 'ட்விஸ்ட் லாக்' என்ற பூட்டு. கீழ் அடுக்குகளுக்கு அதோடு பெருக்கல் குறி மாதிரி இரும்புக் கம்பிகள். 'டர்ன்பக்கிள்' திருகை முறுக்கி அவற்றை விறைப்பாக்குவார்கள். இதற்குத்தான் 'லாஷிங்' என்று பெயர். ஆள் உயரத்தையும் தாண்டிய அந்தக் கம்பியைத் தூக்கி மாட்டுவது தொழிலாளியின் கைகள்தான். கம்பி எட்டாத மேல் அடுக்குகளுக்குப் பூட்டு மட்டுமே காவல்!

பொய் சொல்லும் காகிதம்

கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. இதுதான் கணக்கு. ஆனால் எது கனம், எது லேசு என்று கப்பல்காரர் பார்ப்பது காகிதத்தில்தான். காகிதம் பொய் சொன்னால்? லேசு என்று நம்பி மேலே ஏற்றிய பெட்டி, கப்பல் சாயும்போது கீழே உள்ள பூட்டையும் கம்பியையும் ஒடிக்கப் பார்க்கும்.

2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற கப்பல் இங்கிலீஷ் கால்வாயில் புயலில் சிக்கி விரிசல் கண்டது. மாலுமிகள் 26 பேரும் உயிர் தப்பினர். பிறகு மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை எடை போட்டுப் பார்த்த அதிகாரிகளுக்கு அதிர்ச்சி! 137 பெட்டிகளில் எழுதியது ஒன்று, இருந்தது வேறு. மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். ஒரு பெட்டியில் 20 டன்! இந்த 137-ஐயும் கூட்டிப் பார்த்தால், கணக்கில் இல்லாத பாரம் 312 டன்.

2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கச் சட்டம் வந்துவிட்டது. சரிபார்த்த எடையைக் காட்டாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகளே! "ரெண்டு டன்தானே, கொறைச்சுப் போடு" என்று குமாஸ்தாவிடம் சொல்வதற்கு முன் யோசியுங்கள். உங்கள் பேனா குறைத்த பாரத்தை நடுக்கடலில் தாங்க வேண்டியது ஒரு சின்னப் பூட்டு. அதன் பக்கத்தில் நிற்பவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை!